முறைக்கத் தெரியாதவன்

சலவைக்கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசியும் புண்ணியமில்லை. ஆறு துவைக்கும் இயந்திரங்களும், மூன்று பிழியும் இயந்திரங்களும், விரிப்புகளுக்கு இஸ்திரி போடும், ஆளைவிட நீளமான இரண்டு சூட்டு உருளைகளும் காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தால், காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால் பேசுவார்கள். சத்தமே வராது, உதடு மட்டும் கொஞ்சம் பெரிதாக அசையும். இந்தக் கோடியில் ஆரம்பித்த வம்பு அந்தக் கோடிக்குப் போய், கண் காது மூக்கு வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பி வரும். முதலாளியைப் பற்றி முதலாளி முன்னாலேயே பேசலாம். அவர் ஒருவருக்குத்தான் அந்த பாஷை தெரியாது.

கறைக்காரிக்கு இந்த ஏற்பாடு ரொம்ப வசதியாக இருந்தது. வெளியே நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் அவளுக்குக் குரல் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கூடத்துக்குள் வந்துவிட்டால் அவளைப் போல வாயாடி கிடையாது. அவள் வேலை கறை பிரிப்பது. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளை ஒவ்வொன்றாக விளக்கு மேசைமேல் விரித்து, இது டீ, இது மை, இது மருந்து, இது துரு, இது என்னவென்று கேட்காமல் இருப்பதே மரியாதை என்று ஐந்து கூடைகளில் போட வேண்டும். கறையைத் தப்பாகப் பிரித்தால் தப்பான மருந்து விழும். தப்பான மருந்து விழுந்த கறை ஆயுசுக்கும் போகாது.

அவள் கணவனுக்குப் பிழியும் இயந்திரத்தில் வேலை. நனைந்த விரிப்புகள் பத்துச் சேர்ந்தால் ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். நாள் முழுக்க அதை இழுத்து இழுத்து அவனுக்குத் தோள் இரண்டும் கதவு மாதிரி ஆகியிருந்தன. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் பஸ் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போய் மணல் மூட்டையைக் குத்துவான். ஆறு வருஷமாகக் குத்துகிறான். சுவரொட்டியில் அவன் பெயர் 'எரிமலை'.

அந்தப் பெயரை வைத்தவர் போட்டிகளை நடத்துகிற மைக் அண்ணன். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சாப்பிடும்போதுகூட இடது கையில் மைக் இருப்பதால் யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

எரிமலைக்குக் கையில் வலு இருந்தது, காலில் வேகம் இருந்தது, அடி தாங்கும் தாடை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு முறைக்கத் தெரியாது.

குத்துச்சண்டையில் அது ஒரு பெரிய சடங்கு. போட்டிக்கு முந்தின நாள் இரண்டு பேரையும் எடை பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் மூக்கும் மூக்கும் உரச எதிரெதிரே நிறுத்துவார்கள். கண்ணோடு கண், ஒரு நிமிஷம். இமைக்கக் கூடாது, அசையக் கூடாது, அன்றைக்கே மென்று தின்றுவிடுவதுபோலப் பார்க்க வேண்டும். படக்காரர்கள் படம் எடுப்பார்கள். மறுநாள் மேடையில் மணி அடிப்பதற்கு முன்னால் இன்னொரு தரம். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும் என்பது மைக் அண்ணனுடைய கட்சி.

எரிமலையை யாராவது பத்து எண்ணும் நேரம் கண்ணுக்குள் பார்த்தால் போதும். முதலில் இடது காது மடல் சிவக்கும். அப்புறம் மூக்கு விடைக்கும். அப்புறம் தோள் குலுங்கும். அதன் பிறகு வருகிற சிரிப்பு, மாடிப்படியில் பித்தளைக் குடத்தை உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். யார் தடுத்தாலும் கடைசிப் படி வரை உருண்டுதான் நிற்கும்.

கறைக்காரி அந்தச் சிரிப்பைக் காதால் கேட்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தவள். இயந்திரச் சத்தத்தில் அவள் உதட்டால் சொன்ன ஏதோ ஒரு குறும்புக்கு, ஈர வண்டியைப் பிடித்துக்கொண்டு அவன் குலுங்கியதை மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் வாசல் கேட்டில் வைத்துத்தான் அதன் சத்தத்தைக் கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இந்த முறை முதல்தடவையாக அவன் பெயர் சுவரொட்டியின் உச்சியில், கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தது. எதிராளி 'கருங்கல்'. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மைக் அண்ணன் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். வெளியே ஒரு வாரமாகப் பிடித்த தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவர் குடையை மடக்கினார், மைக்கை மடக்கவில்லை.

"அம்மா, உங்க பிள்ளையப் பத்திப் பேசணும்."

"பேசுங்க தம்பி. மைக் வேணாம், நாங்க நாலு பேருதான் இருக்கோம்" என்றாள் மாமியார். அவள் சூட்டு உருளையில் முப்பது வருஷம் நின்றவள். அவளுடைய முகமே லேசாக இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

"போன வருஷம் எடை பாக்கற எடத்துல சிரிச்சான். பொறுத்துக்கிட்டேன். ஆறு மாசம் முன்னாடி மேடை மேலயே சிரிச்சான். எதிர்ல நின்னவன் பயந்துபோயி, நம்ம கால்சட்டை கிழிஞ்சிருக்கோன்னு குனிஞ்சு பாத்துட்டான். கூட்டமே கைகொட்டிச் சிரிக்குது. இது குத்துச்சண்டையா, கோமாளிக் கூத்தா?"

"வேணும்னு சிரிக்கல அண்ணே" என்றான் எரிமலை. "அவ்வளவு கிட்டத்துல ஒரு மூஞ்சியப் பாத்தா... அவரு மூக்குல ஒரு முடி நீளமா..."

"டேய்! மூக்கு முடியப் பாக்கவாடா உன்ன நிறுத்தினேன்?"

எரிமலையின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். அவள் சலவைக்கூடத்து வண்டியை ஓட்டுகிறவள். ஊரிலுள்ள எல்லா விடுதிகளின் பின்வாசலும் அவளுக்கு அத்துப்படி. வாய் மட்டும் முன்வாசல்.

"கடைசியாச் சொல்றேன்" என்று மைக் அண்ணன் எழுந்தார். "எடை பாக்கறன்னிக்கு முறைக்கும்போது சிரிச்சா, அங்கேயே உம் பேர எடுத்துட்டு வேற ஆளப் போட்டுடுவேன். மேடையில சிரிச்சா, அதோட உனக்கும் எனக்கும் தீந்தது. ஆறு வருஷம் குத்தின மூட்டைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி தலகாணியா வச்சுக்கோ."

அவர் போன பிறகு எரிமலை நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சோப்புத் தண்ணீரில் வெளுத்து, கணுக்களில் காய்த்துப்போன கைகள்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கடைசி ஆட்டம் ஆடிப் பாத்துடணும்மா" என்றான். "அப்புறம் ஆயுசு பூரா துணி பிழியச் சொன்னாலும் பிழியறேன்."

அன்றைக்கே வீட்டில் பயிற்சி தொடங்கியது. முதலில் தங்கை எதிரே உட்கார்ந்தாள்.

"பாருண்ணா. நான்தான் கருங்கல். உன்ன நார் நாராக் கிழிக்கப் போறேன்."

"நீ போன வாரம் வண்டிய பின்னால எடுக்கும்போது குப்பத்தொட்டி மேல ஏத்தினியே..."

"அதைப் பேசாத!"

ஏழு எண்ணுவதற்குள் குடம் உருண்டது. பிறகு மாமியார் உட்கார்ந்தாள். முப்பது வருஷ உருளைச் சூட்டையும் கண்ணில் கொண்டுவந்து அவள் முறைத்ததில் கறைக்காரியே ஒரு அடி பின்வாங்கினாள். எரிமலை பன்னிரண்டு வரை தாக்குப்பிடித்தான்.

"சிரிக்கிறதப் பாரு! பெத்த தாயப் பாத்தா சிரிப்பா வருதா ஒனக்கு?"

"இதே மாதிரிதாம்மா நான் அஞ்சாவதுல பெயிலானப்ப பாத்த. அப்பவும் சிரிச்சேன். அதுக்கும் சேத்து அடி வாங்கினேன்."

கண்ணாடி முன் நிற்க வைத்தார்கள். தன் முகத்தையே பார்த்துச் சிரித்தான். கசப்பு மருந்தை நாக்கில் வைத்துக்கொண்டு முயன்றான். கசந்துகொண்டே சிரித்தான். தொடையைக் கிள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். தொடை கன்றிப்போனதுதான் மிச்சம். எடை ஏறக் கூடாதென்று அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் மட்டும் தின்று தின்று ஆள் இளைத்தான். சிரிப்பு இளைக்கவில்லை. கறைக்காரியை எதிரே உட்காரச் சொன்னபோது அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். அவளைப் பார்த்தால் அவன் மூன்றுகூட எண்ண மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

வழி சலவைக்கூடத்தில் கிடைத்தது. ஆள் குறைவாக இருந்த ஒரு நாள் அவனைக் கறை மேசைக்கு உதவிக்கு அனுப்பினார்கள். ஒரு விரிப்பைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, அதிலிருந்த பழுப்புக் கறையை அவன் பார்த்தான். டீயா துருவா என்று பார்த்தான். புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டின. தாடை இறுகியது. கண் இமைக்கவில்லை. கறைக்காரி மனசுக்குள் எண்ணினாள். நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது.

'என்னங்க!' என்று உதட்டால் கூப்பிட்டாள். 'கருங்கல் மேல ஒரு கறை இருக்குன்னு நினைச்சுக்கோங்க. கண்ணப் பாக்காதீங்க. கறையத் தேடுங்க.'

'அவன் மேல கறை இல்லன்னா?'

'கறை இல்லாத துணி ஏதுங்க உலகத்துல? இல்லன்னா நமக்குச் சோறு ஏது?'

அன்று சாயங்காலமே தங்கையின் சட்டைத் தோளில் ஒரு சொட்டு டீயைத் தெளித்து உட்கார வைத்தார்கள். எரிமலை முறைத்தான். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். தங்கை எழுந்து ஓடினாள்.

"அண்ணி, அண்ணன நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு நெஜமாவே பயமா இருக்கு."

மாமியார் மருமகளின் கன்னத்தைத் தட்டினாள். "ஊமக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு என்ன மூள பாரு!"

கறைக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை நாலு நாள்தான் நின்றது.

பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று எரிமலை வீட்டிலும் எல்லாவற்றையும் கறையாகவே பார்க்கத் தொடங்கினான். தட்டில் முட்டையை வைத்தால் முட்டையை முறைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் குசலம் விசாரிக்க வந்தார், இவன் அவர் காலரைப் பார்த்த பார்வையில் கடன் கேட்க வந்தவர் மாதிரி நெளிந்துவிட்டுப் போனார். காலையில் பல் துலக்கும்போது அவனும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நுரை தெறிக்கச் சிரிப்பது வழக்கம். இப்போது அவள் நுரையோடு திரும்பினால், அவன் அவள் ரவிக்கைக் கையைப் பார்த்து, "பேஸ்ட்டு. பச்சத் தண்ணிலயே போயிடும்" என்றான்.

தங்கை வண்டிச் சாவியைச் சுழற்றியபடி சொன்னாள்: "அண்ணி, நோயே தேவலை போலிருக்கு. மருந்து ஆளக் கொல்லுது."

கறைக்காரி கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். அவள் பிரித்துப் போட்ட கறைகளில் ஒன்று தப்பான கூடைக்குப் போய்விட்டதுபோல மனசு அரித்தது. ஒரு சிரிப்பை வெளுத்துவிட்டோமோ? மறுபடி அது ஊறுமா? அவன் ஆறு வருஷம் குத்திய மூட்டையையும் நினைத்தாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க அவளுக்குத் தெரியவில்லை. 

எடை பார்க்கிற நாள் மத்தியானம், சந்தைக்குப் பக்கத்திலிருந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. குடும்பம் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. எரிமலை எடை மேடையில் ஏறி இறங்கினான். கருங்கல் ஏறி இறங்கினான். பெயருக்கேற்ற ஆள், கழுத்தும் தலையும் ஒரே அகலம். வெள்ளைக் குளியல்துண்டுத் துணியில் தைத்த நீளமான அங்கி ஒன்றை மேலே போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"இப்போது முறைப்பு!" என்று மைக் அண்ணன் முழங்கினார். சொல்லிவிட்டு எரிமலையைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் பாதிப் பாதி.

இருவரும் மூக்கோடு மூக்கு நின்றார்கள். எரிமலையின் கண் ஒரு நொடி தடுமாறியது. பிறகு சட்டென்று கருங்கல்லின் இடது காலரில் போய் நிலைகுத்தியது.

"இருக்கு" என்றாள் மாமியார், மூச்சை விட்டு. "காலர்ல. துரு."

"துருதான் அத்தை" என்றாள் கறைக்காரி.

மண்டபம் அடங்கிப்போனது. முப்பது நொடி. நாற்பது. எரிமலையின் முகத்தைப் பார்த்து முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதது. மைக் அண்ணனின் முகத்தில் ஆறு வருஷம் காணாத ஆனந்தம். அப்போது எரிமலையின் உதடு அசைந்தது.

கூட்டம் 'ஓ'வென்றது. "திட்டறான்! திட்டறான்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவு தூரத்துக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் நாலாவது வரிசையில் இருந்த மூன்று பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் தெரிந்தது.

'எதுல காயப்போட்டீங்க?' என்று எரிமலை கேட்டிருந்தான்.

கருங்கல்லின் உதடும் கொலைவெறியோடு அசைந்தது. 'என்ன?'

'காலர். துருக் கறை. எதுல காயப்போட்டீங்க?'

'அம்மா சன்னல் கம்பியில போட்டாங்க. மழை. நாலு தடவ வெளுத்தும் போகல.'

'பிளீச்சிங் பவுடரா?'

'ஆமா.'

எரிமலையின் முகத்தில் அப்படி ஒரு வேதனை தோன்றியது. படக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

'அதப் போடவே கூடாதுங்க! இன்னும் கெட்டியா உக்காந்துக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மேல உப்பத் தூவி, வெயில்ல வைங்க. ரெண்டு மணி நேரம். அப்புறம் அலசுங்க.'

'தேய்க்கணுமா?'

'தேய்க்காதீங்க. வெயில் பாத்துக்கும்.'

சொல்லிக்கொண்டே எரிமலை, மேசைப் பழக்கத்தில், கட்டை விரலை நாக்கில் தொட்டு அந்தக் காலரில் வைத்து, நூலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று லேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டான்.

மண்டபம் வெடித்தது. எச்சில் தொட்டு வைத்துவிட்டான்! ஆட்கள் மேடைமேல் பாய்ந்து இருவரையும் இழுத்துப் பிரித்தார்கள். மைக் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து நாலாவது வரிசைக்கு ஓடி வந்தார்.

"அம்மா! அவன் என்னம்மா சொன்னான்? கருங்கல் மூஞ்சி செத்துப்போச்சே! உங்களுக்குத்தான் உதட்டப் படிக்கத் தெரியுமாமே?"

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தங்கை முந்திக்கொண்டாள். "'உன் எலும்ப எண்ணிடுவேன்'னான் அண்ணே."

"சேச்சே" என்றாள் மாமியார். "நாங்க மரியாதப்பட்ட குடும்பம். 'உங்க எலும்ப எண்ணிடுவேங்க'ன்னான்."

மைக் அண்ணன் பரவசத்தில் மைக்கையே முத்தமிட்டார்.

மறுநாள் காலை, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத தூறலுக்குப் பிறகு வெயில் அடித்தது. சலவைக்கூடத்துச் சன்னல்களில் எல்லாம் ஆவி பளபளத்தது. கறைக்காரி வெளியே வந்து முகத்தை வெயிலில் காட்டிக்கொண்டு நின்றாள். நல்ல சகுனம் என்று நினைத்தாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்னும் மேடையில் ஒரே ஒரு நிமிஷம்தான். அதற்குக் காலரில் கறை இருக்கிறது.

சாயங்காலம் மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. கதவோரத்தில் நின்றவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறியிருந்தார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் இரண்டு வரிசை முழுக்க வந்திருந்தார்கள். எரிமலை ஏறினான். அவன் முகம் முட்டையை முறைத்த அதே முகம். கருங்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறினான். வெள்ளை அங்கி விளக்கு வெளிச்சத்தில் பளீரென்றது.

"நல்லா வெளுத்திருக்கே!" என்றாள் மாமியார், தொழில்காரியின் திருப்தியோடு. "துரு இருந்த எடமே தெரியல. இந்த மாதிரி யாரு போடுவா!"

கறைக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை. கறை போயிடுச்சு."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"கறை போயிடுச்சு அத்தை! இப்ப அவரு எதப் பாப்பாரு?"

 தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "எதிரிக்கு வைத்தியம் சொல்ற ஒரே ஆளு நம்ம வீட்டுலதான் பொறந்திருக்கு!"

மேடையில் இருவரும் நடுவே வந்தார்கள். நடுவர் ஏதோ சொல்லி முடித்து ஒதுங்கினார். மணிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி சுத்தியலோடு காத்திருந்தார். எரிமலையின் கண் இடது காலருக்குப் போனது. வலது காலருக்குப் போனது. தோள், கை, மார்பு என்று அங்கி முழுக்க அலைந்தது. கொக்குச் சிறகு மாதிரி இருந்தது துணி. கருங்கல் வேறு கையுறையால் காலரை மெல்லத் தூக்கிக் காட்டி, 'போயிடுச்சுங்க' என்று உதட்டசைத்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு நன்றி. எரிமலைக்கு முறைக்க ஒரு பொட்டுக் கறைகூடக் கிடைக்கவில்லை.

எரிமலையின் இடது காது சிவந்தது.

அவன் கருங்கல்லின் தோளுக்கு மேலாக, கூட்டத்துக்குள், கறைக்காரியைத் தேடிப் பிடித்தான். 'கறை இல்லம்மா' என்றான். 'என்ன பண்ணட்டும்?'

ஆயிரம் பேர் நடுவில் ஒருத்திக்கு மட்டும் கேட்ட கேள்வி.  மைக் அண்ணன் மேடை ஓரத்தில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைக் கறைக்காரி பார்த்தாள். சுவரொட்டியின் உச்சியில் இருந்த பெயரை நினைத்தாள். வேறு எதையாவது காட்டிக் கொடுத்து இன்னும் பத்து நொடி ஓட்டலாம். நடுவரின் சட்டைப் பையில் பேனா மை கசிந்திருந்தது, அவள் கண்ணுக்கு அது எப்போதோ பட்டுவிட்டது. 'பையப் பாருங்க' என்று சொன்னால் போதும். அவனுடைய முகம் மறுபடி மூடிக்கொள்ளும். நாளைக் காலையிலும் அது மூடியபடிதான் பல் துலக்கும்.

அவன் மூக்கு விடைத்தது. ஒரு வாரமாக அவள் பார்க்காத மூக்கு.

'சிரிச்சுத் தொலைங்க' என்றாள்.

குடம் உருண்டது. ஒரு வாரம் தேங்கிய சிரிப்பு. ஒரு மாடிப் படி போதவில்லை, மூன்று மாடி உருண்டது. மண்டபம் ஸ்தம்பித்தது. மைக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கருங்கல் முதலில் விழித்தான். அப்புறம் அவன் கழுத்தில்லாத தலை ஆட ஆரம்பித்தது. கல்லுக்குள் இருந்து 'ஹிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இரண்டு பேரையும் பார்த்துச் சலவைக்கூடத்து வரிசை சிரித்தது. அடுத்த வரிசை ஏன் என்று கேட்காமலே சிரித்தது. மணிக்காரருக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேரமானதும் டணாரென்று அடித்துவிட்டார்.

மணி அடித்த பிறகு ஆட்டத்தை யாரும் நிறுத்த முடியாது. அது மைக் அண்ணனே போட்ட சட்டம்.

அதன் பிறகு நடந்த சண்டையைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். சிரித்துச் சிரித்துத் தோள் இளகிப்போன இரண்டு பேரும் அப்படிக் குத்திக்கொண்டார்கள். ஈர விரிப்பை இழுக்கிற இழுப்பில் எரிமலையின் வலது கை வந்தது. கருங்கல் பதிலுக்குக் கொடுத்ததில் எரிமலையின் கீழுதடு கிழிந்தது. மாமியார் ஒவ்வொரு குத்துக்கும் பக்கத்தில் இருந்தவரைக் குத்தினாள். எட்டுச் சுற்று முடிந்து நடுவர் எரிமலையின் கையைத் தூக்கியபோது வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. கருங்கல்லே அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் டாக்டரம்மா எரிமலையின் உதட்டில் மூன்று தையல் போட்டார். "பத்து நாளைக்குச் சிரிக்கவே கூடாது. சிரிச்சா தையல் பிரிஞ்சிடும். பேசவும் வேணாம். புரியுதா?"

எரிமலை தலையாட்டினான். குடும்பம் மொத்தமும் தலையாட்டியது. அப்போது ஒரு கண் வீங்கிய கருங்கல், தன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அந்த அம்மாள் அங்கியை மடித்து மார்போடு வைத்திருந்தாள்.

"எலுமிச்சம்பழம் சொன்ன தம்பி இதுதானா? மகராசன்! நாலு வாட்டி பிளீச்சிங் போட்டேன்..."

"போடக் கூடாது!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"இனிமே போடலம்மா. ஆனா இப்ப முன்பக்கம் பூரா ரத்தமாயிடுச்சே. ஆட்டம் முடிஞ்சு மறுபடி இதப் போட்டுக்கிட்டு உங்க பையனக் கட்டிப்புடிச்சுத் தூக்கினானே, அதுல. இதுக்கு என்னம்மா போடறது?"

மாமியார் அங்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது உங்க பையனோடது இல்ல, எங்க பையனோட ரத்தம். பச்சத் தண்ணில ஊற வைங்க, போயிடும். எங்க வீட்டு ரத்தம் ரொம்ப சாது. எங்கயும் ஒட்டாது."

தங்கை சுவரில் சாய்ந்து சரிந்தாள். கருங்கல் வீங்கிய கண்ணைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எரிமலை சிரிக்கக் கூடாது. உதட்டை இறுக்கினான். தாடை கிட்டித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி சிவந்தது, இரண்டு கண்களும் ரத்தச் சிவப்பாகப் பிதுங்கி எதிரே இருந்தவர்களைச் சுட்டன.

திட்டித் தீர்க்கலாம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மைக் அண்ணன் அந்த முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"டேய்... அசையாத. அப்படியே இரு." அவர் குரல் நடுங்கியது. "படக்காரன ஓடி வரச் சொல்லுங்கடா! இதத்தானேடா ஆறு வருஷமா உங்கிட்டக் கேட்டேன்! இந்த ஒரு மொறைப்பத்தானேடா கேட்டேன்!"

கறைக்காரி சிரித்தாள். உதட்டால் இல்லை. நாலு பேர் நடுவில், வேற்று மனிதர்கள் முன்னால், தொண்டையைத் திறந்துகொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. எரிமலையின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. இடது காது மெல்லச் சிவந்தது.

"அந்தப் பொண்ண முதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க!" என்று டாக்டரம்மா அலறினார்.

தங்கை அவளை இழுத்துக்கொண்டு நடைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கறைக்காரி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். திணித்ததையும் மீறிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு நிமிஷம் எந்தச் சத்தமும் இல்லை.

அப்புறம் கதவுக்குப் பின்னால் குடம் முதல் படியில் 'டங்'கென்று விழுந்தது.

"ஐயையோ, தையல்!" என்றார் டாக்டரம்மா.